மலையடிவாரச் சிற்றூரில் சைக்கிள் பாதைகள்: இறங்கும் பக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. சமவெளியில் 40, 50 கிலோமீட்டர் ரோடு பைக் (தார்ச்சாலைக்கான மெல்லிய சைக்கிள்) ஓட்டிப் பழகிய ஒருவர் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூருக்குக் குடிவந்திருக்கிறார். எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஏற்றம் வந்துவிடுகிறது. எந்தச் சாலையில் தொடங்குவது, சுற்றுகளை எப்படி அமைப்பது, மலைமேல் போகும் பெரிய சாலையை எப்போது தொடுவது என்று கேட்கிறார்.

பல ஆண்டுகள் மலைச்சாலைகளில் ஓட்டியவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதையை ஏறும் பக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இறங்கும் பக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஏற்றம் எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும், முடியவில்லை என்றால் காலை ஊன்றி நின்றுவிடலாம். தண்ணீர் குடிக்கலாம், வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் யாருக்கும் பெரிய அடி படுவதில்லை. அதே சாலையில் இறங்கும்போது வேகம் தானாக 50ஐத் தொடும். அப்போது வளைவில் கிடக்கும் ஒரு கை ஜல்லி போதும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரே மலையை இரண்டு திசையிலும் சுற்றிப் பார்த்துத்தான். ஒரு பக்கம் பேருந்து போகும் அகலச் சாலை, சராசரி 6 சதவீதச் சரிவு, அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 6 மீட்டர் உயரம். மறுபக்கம் குறுகலான பழைய சாலை, பல இடங்களில் 12 சதவீதம். புதிதாக வந்தவன் செய்வதைத்தான் நானும் செய்தேன்: சுலபமான பக்கம் ஏறி, கடினமான பக்கம் இறங்கினேன். ஏறும்போது சுகமாக இருந்தது. இறங்கும்போது பிரேக்கை விடவே முடியவில்லை, விரல்கள் மரத்துப்போயின, ஓடை குறுக்கிடும் ஒரு வளைவில் மணல் பரவிக் கிடந்தது. அதைக் கடந்த சிறிது நேரத்தில் சூடேறிய ரிம்மில் பின் டியூப் வெடித்தது. நல்லவேளை, நேர்ப்பாதையில் வெடித்தது. சில வாரம் கழித்து அதே சுற்றை எதிர்த்திசையில் ஓட்டினேன். குறுகலான பக்கத்தில் ஏற ஒன்றே கால் மணி நேரம் ஆனது, இரண்டு முறை நின்றேன். ஆனால் அகலமான பக்கத்தில் இறங்கியபோது வளைவுகள் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தன, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்க இடம் இருந்தது. தூரமும் உயரமும் மாறவில்லை. மாறியது திசை மட்டுமே. அன்றிலிருந்து குறுகலான, கரடுமுரடான பக்கம் ஏறுவதற்கு, அகலமான நல்ல சாலை இறங்குவதற்கு என்று வைத்திருக்கிறேன்.

ஆனால் மலைமேல் போவதற்கு முன் அடிவாரத்தை நன்றாகப் பழகுங்கள். மலையூர்களில் சைக்கிள்காரருக்குக் கிடைக்கும் பெரிய செல்வம், மலையை ஒட்டி, அதன் மேல் ஏறாமல், அடிவாரத்தோடு ஓடும் சாலை. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வோர் ஓடைக்கும் அது கொஞ்சம் இறங்கும், அடுத்த மேட்டுக்குக் கொஞ்சம் ஏறும். ஒவ்வோர் ஏற்றமும் 20, 30 மீட்டர் உயரம்தான் இருக்கும். ஆனால் 40 கிலோமீட்டர் ஓட்டி முடித்துக் கணக்குப் பார்த்தால் 400 மீட்டர் ஏறியிருப்பீர்கள். கியரை எப்போது மாற்றுவது, ஏற்றத்துக்கு முன் வேகத்தை எப்படிச் சேர்ப்பது, முகட்டைத் தாண்டியதும் உடனே பெடலை நிறுத்தாமல் எப்படித் தொடர்வது என்பதையெல்லாம் இந்தச் சாலைதான் கற்றுத்தரும். முதல் ஆறு வாரம் இதிலேயே ஓட்டினாலும் நேரம் வீணாகாது. ஒரே எச்சரிக்கை: ஓடையைக் கடக்கும் தாழ்வான இடங்களில் மழைக்குப் பிறகு மணலும் சரளையும் வந்து படிந்திருக்கும். இறக்கத்தின் அடியில் இருப்பதால் சரியாக நம் வேகம் உச்சத்தில் இருக்கும்போது அவை எதிர்ப்படும்.

அடுத்தது பள்ளத்தாக்குச் சாலை, அதாவது ஆற்றோடு மேல்நோக்கிப் போகும் சாலை. ஆறு எவ்வளவு மெதுவாக ஏறுகிறதோ அவ்வளவு மெதுவாகவே சாலையும் ஏறும், குறுகலான மலையிடுக்கு வரும் இடங்களைத் தவிர. வரைபடத்தில் மெல்லிய சரிவைத் தேடுகிறீர்கள் என்றால் ரயில் பாதையையும் வாய்க்காலையும் தேடுங்கள். பல்சக்கரம் இல்லாத சாதாரண ரயில் 3, 4 சதவீதத்துக்கு மேல் ஏறத் திணறும். அதனால் அதை ஒட்டிய சாலையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பாசன வாய்க்கால் மலைச்சரிவில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வளைந்து வளைந்து போகும். அதன் கரையில் தார்ச்சாலை இருந்தால், மலையைப் பார்த்துக்கொண்டே சமதளத்தில் ஓட்டும் வாய்ப்பு அது. உடம்பு அலுத்த நாளுக்கு அதைவிட நல்ல பாதை இல்லை.

பள்ளத்தாக்கில் காற்றுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகிக் காற்று மேலெழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து பள்ளத்தாக்கின் மேல்நோக்கிக் காற்று வீசும். இரவில் இது தலைகீழாகும்: குளிர்ந்த, கனத்த காற்று மேலிருந்து கீழே வழியும். வானம் தெளிவாக உள்ள நாட்களில் இதை அப்படியே நம்பலாம். பிற்பகலில் பள்ளத்தாக்கில் மேலே போனால் காற்று முதுகைத் தள்ளும், இன்று கால்கள் நன்றாக இருக்கின்றன என்று தோன்றும். திரும்பும்போது இறக்கத்தில்கூடப் பெடலை மிதிக்க வேண்டியிருக்கும். ஆகவே விடியலில் கிளம்புங்கள். கீழ்நோக்கி வழியும் காற்று லேசாகத்தான் இருக்கும், எதிரே வந்தாலும் தாங்கலாம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டால் இரண்டு பக்கமும் லாபம். பல மலைப்பகுதிகளில் பிற்பகலில்தான் மேகம் திரண்டு இடி மழை வரும். அதற்கும் இந்த விடியல் கணக்குதான் மருந்து.

இனி மேலே ஏறும் சாலைகள். எல்லா மலைச்சாலையும் ஒன்றல்ல. எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்தால் அதன் குணம் பாதி தெரிந்துவிடும். கணவாயைக் கடந்து மறுபக்கம் போகும் சாலை, சுமை ஏற்றிய வண்டிகள் போவதற்கென்று போடப்பட்டது. அதனால் சரிவு அளவோடு இருக்கும். ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை 1820 முதல் 1825 வரை குதிரை வண்டிகளுக்காகக் கட்டப்பட்டது. பிராட்டோ ஊர்ப் பக்கத்திலிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,800 மீட்டர் ஏற்றம், உச்சி 2,750 மீட்டருக்கு மேல். ஆனாலும் சராசரி 7 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பொறுமை இருந்தால் சாதாரண ஆளும் ஏறிவிடலாம். இதற்கு நேர் எதிர், ஸ்பெயினின் அங்லிரு. அது மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் மலைத்தடம், பிறகு தார் போடப்பட்டது. 1999இல் ஸ்பெயின் சுற்று சைக்கிள் போட்டியில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 12 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் ஓரிடத்தில் 23 சதவீதத்தைத் தாண்டும். உங்கள் ஊர் வரைபடத்திலும் இந்த இரண்டு வகையும் இருக்கும். கணவாய்ச் சாலை நீளமானது, நிதானமானது, ஆனால் லாரிகள் உண்டு. அலைபேசிக் கோபுரத்துக்கோ, அணைக்கோ, மேட்டு வயலுக்கோ போய் முடிந்துவிடும் சாலை ஆளரவமற்றது, அழகானது, ஆனால் ஜீப்புக்காகப் போடப்பட்டது. முதல் பெரிய ஏற்றத்துக்குக் கணவாய்ச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள், லாரி குறைவான ஞாயிறு விடியலில்.

சராசரிச் சரிவு என்ற எண்ணைக் கண்டு ஏமாற வேண்டாம். பிரான்ஸின் மோன் வான்தூ, பெதுவான் ஊரிலிருந்து ஏறும் பக்கம் சுமார் 21 கிலோமீட்டர், சராசரி ஏறக்குறைய 7.5 சதவீதம். ஆனால் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மெல்ல ஏறும். அதன்பின் காட்டுக்குள் நுழைந்ததும் 9, 10 சதவீதம், மூச்சு விட இடமில்லை. தொடக்கத்தில் உற்சாகமாக மிதித்தவர் காட்டுக்குள் தவிப்பார். ஆகவே மொத்தச் சராசரியைப் பார்க்காமல் ஒவ்வொரு கிலோமீட்டரின் சரிவையும் தனித்தனியாகப் பாருங்கள். உயரக்கோடுகள் உள்ள வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது: சாலை கோடுகளை நேராக வெட்டிப்போனால் செங்குத்து, கோடுகளோடு படுத்துப்போனால் சமதளம்.

செயலிகள் காட்டும் சரிவையும் அப்படியே நம்ப முடியாது. பல வரைபடச் செயலிகள் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் ரேடாரால் அளந்தது அல்லது அதைப்போன்ற ஒன்று. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. சமவெளியில் இது தாராளமாகப் போதும். மலைச்சரிவை வெட்டிப் போட்ட சாலையிலோ 30 மீட்டர் தள்ளி இருக்கும் புள்ளி பாறையின் தலையிலோ பள்ளத்தின் அடியிலோ இருக்கும். அதனால்தான் பாலம், சுரங்கம், கொண்டை ஊசி வளைவு உள்ள இடங்களில் 25 சதவீதம், 30 சதவீதம் என்று பயமுறுத்தும் முட்கள் சரிவு வரைகோட்டில் தெரிகின்றன. ஒரே ஒரு முள் என்றால் பெரும்பாலும் தரவுப் பிழை. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 11 சதவீதம் என்று காட்டினால் அது நிஜம்.

இப்படிப்பட்ட ஏற்றம் உடம்பில் என்ன செய்யும் என்று கணக்கிடலாம். ஓட்டுபவர் 75 கிலோ, வண்டி, உடை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 10 கிலோ, மொத்தம் 85. புதியவர் ஒருவர் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத ஏற்றத்தில் அது மணிக்கு 6 கிலோமீட்டர் சொச்ச வேகத்தைத்தான் தரும். முன் பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் நிமிடத்துக்கு 40 சுற்றுதான் சுழலும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை நெருக்கும். பின்னால் 34 பல் இருந்தால் 49 சுற்று. இந்த ஒன்பது சுற்று வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம், ஆனால் ஒரு மணி நேர ஏற்றத்தில் முழங்கால் வலியோடு இறங்குவதற்கும் சிரித்துக்கொண்டு இறங்குவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் அதுதான். மலையூருக்குக் குடிவந்தவர் வண்டியில் முதலில் மாற்ற வேண்டியது பின் கேசட், அதாவது பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு. எடை குறைந்த சக்கரமெல்லாம் பிறகு. பிரான்ஸில் பிலா மலைகளை ஒட்டிய செயின்ட் எட்டியென் நகரில் வாழ்ந்த பால் தெ விவி (1853–1930), வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர், மலையேறத்தான் பல கியர்கள் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். போட்டிக்காரர்கள் அதைப் பலவீனத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள். பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் டிரெயிலியர் (சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். சின்ன கியர் போட வெட்கப்படுபவர்களை இன்றும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது உள் ஓரம் மிகச் செங்குத்து, வெளி ஓரம் அதைவிட மெல்லிய சரிவு, ஏனென்றால் அதே உயரத்தை வெளிப்பக்கம் நீளமான தூரத்தில் ஏறுகிறது. எதிரே வண்டி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் உங்கள் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் வெளியே விலகி ஏறுங்கள். பெரிய வண்டிகள் வளைவில் திரும்ப முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். எஞ்சின் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்று வழிவிடுவதுதான் நல்லது. அந்த அரை நிமிடத்தில் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது இறக்கம். 85 கிலோ எடை 600 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 500 கிலோஜூல், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக்கில் சூடாக இறங்கும். பயத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கினால் காற்றின் பங்கு குறைந்து பிரேக்கின் பங்கு கூடுகிறது. ரிம் பிரேக் என்றால் ரிம்மும் டியூபும் சூடாகும். டிஸ்க் என்றால் டிஸ்க்கும் அதன் எண்ணெயும். சரியான முறை: நேர்ப்பாதையில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விடுவது. நிமிர்ந்து உட்கார்ந்தால் மார்பே ஒரு பிரேக். கை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருக்கட்டும். அங்கிருந்துதான் லிவருக்கு முழு பலம் கிடைக்கும். பார்வை முன் சக்கரத்தில் இல்லாமல் வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். காலை வெயிலில் மரநிழல் திட்டுத்திட்டாக விழுந்த சாலையில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, அங்கே வேகம் வேண்டாம். நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்த முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெய் மேலே வந்து வழுக்கும். அன்று மலைக்குப் போகவே வேண்டாம். கனமழைக்கு மறுநாளும் விழுந்த கற்கள் சாலையில் கிடக்கும்.

மேலே குளிரும். 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு. ஆனால் வியர்வையில் நனைந்த சட்டையோடு 45 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது உடம்புக்கு அதைவிட மிகவும் குளிரும். நடுங்கும் கை பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது. பையில் மடித்து வைக்கும் மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் போதும். பழைய போட்டிக்காரர்கள் உச்சியில் ஒரு செய்தித்தாளைச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்யும். ஏறும்போது இதற்கு நேர்மாறு. வேகம் குறைவு என்பதால் காற்று படாது, வியர்வை கொட்டும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், தாகம் எடுக்கும் முன்பே. நீண்ட ஏற்றத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். அடிவாரத்திலேயே சாப்பிடத் தொடங்குங்கள். பாதி வழியில் பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்கு வந்து சேர்வதற்குள் உச்சி வந்துவிடும்.

சுற்றுகளை 8 வடிவத்தில் அமையுங்கள், ஊர் நடுவில் இருக்கட்டும். ஒரு வளையம் அடிவாரச் சாலையில் 25 கிலோமீட்டர், மற்றொரு வளையம் மலைப்பக்கம் 30 கிலோமீட்டர். முதல் வளையம் முடிந்து ஊருக்குள் வரும்போது கால் எப்படி இருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது, வண்டியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்த்து அடுத்ததை முடிவு செய்யலாம். 60 கிலோமீட்டர் ஒரே பெரிய வட்டமாகப் போட்டால், 30ஆவது கிலோமீட்டரில் உடம்பு மறுத்தாலும் வீடு அதே தூரம்தான், நடுவில் மலையும் இருக்கும்.

நேரத்தைத் தூரத்தால் கணக்கிடும் சமவெளிப் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். புதியவர் மணிக்கு 500 மீட்டர் உயரம் ஏறுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் பாதையில் 900 மீட்டர் ஏற்றம், அது 15 கிலோமீட்டரில் வருகிறது என்றால், ஏற்றத்துக்கே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல். மிச்ச 45 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். நிற்கும் நேரத்தோடு நாலே கால் என்று வைத்துக் கிளம்புங்கள். சமவெளியில் இதே 60ஐ இரண்டரை மணியில் முடித்திருப்பீர்கள். மாலையில் ஓட்டுபவருக்கு இன்னொன்று: ஊர் மலையின் கிழக்கே இருந்தால் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின் போய்விடும். வானம் வெளுப்பாக இருக்கும்போதே சாலை இருட்டிவிடும். பின்விளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

ஆகவே என் வரிசை இது. முதல் ஒன்றரை மாதம் அடிவாரச் சாலையும் பள்ளத்தாக்குச் சாலையும். அடுத்த மாதம் கணவாய்ச் சாலையில் பாதிவரை ஏறி, ஏறிய வழியிலேயே இறங்குங்கள். ஏறும்போது மெதுவாகப் போவதால் எந்த வளைவில் ஜல்லி, எங்கே பள்ளம், எந்தத் திருப்பம் நினைத்ததைவிட இறுக்கமானது என்பதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். இறங்கும்போது அந்தச் சாலை தெரிந்த சாலை. மூன்றாவது, நான்காவது முறையில் கணவாய் உச்சிவரை. மறுபக்கத்துக் குறுகலான சாலையை அதுவரை தொடாதீர்கள். தொடும் நாளில் அடிவாரச் சாலை வழியாக மலையைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்தில் ஏறி, ஏற்கெனவே பழகிய அகலச் சாலையில் வீட்டுக்கு இறங்குங்கள்.